திரையில் கை வைத்த தெரு

மாலை ஆறரை மணி ஆகிவிட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் கை கிடையாது.

எல்லாக் கையும் கைப்பேசித் திரையின் மேல் இருக்கும். சலவைக்கடையில் இஸ்திரிப்பெட்டி தன்பாட்டுக்கு யாருடைய சட்டையையோ கருக்கிக்கொண்டிருக்கும். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தோள்பட்டை வலிக்கு அலை வாங்கிக்கொண்டிருப்பார். முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு ஒருவர் காத்திருப்பார். அவரைக் கேட்டால், “இருங்க, கடைக்காரருக்கு இடுப்புல ஏறிட்டிருக்கு” என்று மரியாதையோடு கிசுகிசுப்பார். எலெக்ட்ரீஷியன் எல்லோரையும் விட ஒருபடி மேலே போய், எரிந்துபோன மின்விசிறி மோட்டாரின் மேல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தான். மனுஷனுக்கே ஏறுகிற அலை மோட்டாருக்கு ஏறாதா என்பது அவன் வாதம். அந்தத் தெருவிலேயே கொஞ்சமாவது ஆராய்ச்சி செய்தவன் அவன் ஒருவன்தான்.

அலையை அனுப்பியவர் அலைவேந்தர். பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்கக்கூடாது. அவரேதான் எடுத்துக்கொண்டார். தொளதொளவென்று ஒரு வெள்ளைச் சட்டை, முதுகுக்குப் பின்னால் வானத்துப் படம் போட்ட ஒரு திரைச்சீலை. தினமும் கேமராவுக்கு நேராக வலது உள்ளங்கையைத் தூக்குவார். “வாங்கிக்கோங்க... வாங்கிக்கோங்க...” என்று பால்காரர் மாதிரி சொல்வார். பதினைந்து நிமிடம். அவ்வளவுதான் வைத்தியம். பக்கவாதம், முதுகுவலி, நடுக்கம், வராத கடிதம், போகாத விருந்தாளி எல்லாவற்றுக்கும் ஒரே கை.

விதிகள் இரண்டு. ஒன்று, கைப்பேசியையும் கையையும் சேர்த்து ‘அலைத்துணி’யால் மூட வேண்டும், இல்லாவிட்டால் அலை பக்கவாட்டில் ஒழுகிவிடும். துணி அவரிடம்தான் கிடைக்கும். அதன் விலையைச் சொன்னால் குணமான கைகூட மறுபடி இழுத்துக்கொள்ளும். இரண்டு, அலை ஏறுகிற உறுப்பைத் தொண்ணூறு நாளைக்கு அசைக்கவே கூடாது. அசைத்தால் சிந்திவிடும்.

இதற்கெல்லாம் சாட்சியாக ஒரு வீடியோ. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர். செத்த மீன் மாதிரி தொங்குகிற கை. மேசையில் ஒரு நீலக் கோப்பை. எடுக்கப் பார்க்கிறார், முடியவில்லை. பளிச்சென்று ஒரு வெளிச்சம், அலைவேந்தரின் உள்ளங்கை, மறுபடி வெளிச்சம். அடுத்த நொடி அதே மனிதர் அதே கோப்பையை அலுங்காமல் தூக்கிக் குடிக்கிறார், சிரிக்கிறார். குணமாக மொத்தம் மூன்று நொடி. ‘அடுத்த ஊர் விவசாயி’ என்று கீழே எழுத்து ஓடும்.

இந்தக் கூத்துக்கு நடுவே அந்தத் தெருவில் ‘வேலைவாய்ப்பு’ என்று ஒரு பெண் இருந்தாள். அது தெரு வைத்த பெயர். அவள் படித்தது ஆக்குபேஷனல் தெரபி, மூன்றாம் ஆண்டு. நோயிலோ விபத்திலோ கை கால் முடங்கியவர்களுக்கு மறுபடி சட்டை போட, சீப்புப் பிடிக்க, கையெழுத்துப் போட, தொழிலுக்குத் திரும்பப் பழக்குகிற படிப்பு. அவள் சேர்ந்த அன்றே பெரியப்பா ஒருவர் அகராதி பார்த்துவிட்டு, “ஆக்குபேஷன்னா வேலை. அப்போ எங்க பையனுக்கு ஒண்ணு பாத்துக் குடும்மா” என்றார். அன்றிலிருந்து அவள் வேலைவாய்ப்பு. விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவளுடைய தாய்மாமன் டெய்லர். இரண்டரை மாதத்துக்கு முன் ஒரு காலையில், வெட்டுமேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோதே கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. அதை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். பேச்சு திரும்பிவிட்டது, கால் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் அடம்பிடித்தது. விரல்கள் எதையோ ஒளித்து வைத்திருப்பதுபோல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன.

வேலைவாய்ப்பு தினமும் மருத்துவமனைப் பயிற்சி முடிந்ததும் நேரே கடைக்கு வருவாள். ஒவ்வொரு விரலாக நீட்டி விடுவாள். துண்டை மேசையில் தள்ளச் சொல்வாள். ஐந்தாவது வாரம் மாமா ஒரு பெரிய கோட்டுப் பொத்தானை மேசையிலிருந்து கிள்ளி எடுத்து டப்பாவில் போட்டார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. பொத்தான் ‘டக்’கென்று விழுந்ததும் மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டைக்காலர் நனைந்திருந்தது.

பிறகு வேலைவாய்ப்புக்குப் பரீட்சை வந்தது. மூன்று வாரம் அவளால் வர முடியவில்லை. அந்த இடைவெளியில் அலைவேந்தர் வந்துவிட்டார்.

பரீட்சை முடிந்து கடைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். மாமா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் துணி மூடிய ஒரு மேடு. அதற்குள் கையும் கைப்பேசியும். அத்தை காவலுக்கு நிற்பதுபோல் பக்கத்தில் நின்றாள்.

“அத்தை, பயிற்சி செய்யலையா?”

“உஷ்! ஏறிட்டிருக்கு.”

“என்ன ஏறுது?”

“அலைடி. பேசாத, சிந்திரும்.”

பதினைந்து நிமிடம் கழித்துத் துணியை எடுத்தார்கள். வேலைவாய்ப்பு மாமாவின் விரல்களை நீட்டிப் பார்த்தாள். வரவில்லை. முன்பு முரண்டு பிடித்த விரல்கள் இப்போது பூட்டியே விட்டன. மணிக்கட்டு இறுகியிருந்தது. முதல் சில மாதம்தான் கை சொன்னதைக் கேட்கிற காலம், அதை வீணடித்தால் பிறகு ஒரு மடங்கு வேலை மூன்று மடங்காகும் என்று வகுப்பில் எழுதி எழுதிப் படித்தவள் அவள்.

“மாமா, மூணு வாரம் அசைக்கவே இல்லையா?”

“அசைச்சா சிந்திரும்னாரு.”

“பொத்தான் எடுத்தீங்களே மாமா! நீங்களேதானே எடுத்தீங்க!”

மாமா அவளை நேராகப் பார்த்தார். “இங்க பாரு. நீ என்ன சொல்ற? ஒரு நாளைக்கு நூறு தடவ செய்யி, ஆறு மாசம் செய்யி, அப்புறமும் முழுசா வருமான்னு தெரியாதுங்கற. அவர் என்ன சொல்றாரு? கண்ண மூடுங்கறாரு. நீயே சொல்லு, எது சொகமா இருக்கு?”

அவள் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தாள்.

“இணையத்துல பாக்கறதுதான் உங்களுக்குப் பிடிக்கும்னா நான் நல்லதாவே காட்டறேன் மாமா” என்றாள். “எங்க டீச்சர் குடுத்த பக்கம் ஒண்ணு இருக்கு. எங்கள மாதிரி படிக்கறவங்களுக்கும், உங்கள மாதிரி வீட்ல இருக்கறவங்களுக்கும் சேத்துப் போட்டது. எந்தப் பயிற்சி, எத்தனை தடவ, ஒத்தக் கையால சட்டை போடறது எப்படி, எல்லாம் வீடியோவா இருக்கு. துணியும் கிடையாது, காசும் கிடையாது.”

அத்தை சந்தேகத்தோடு கேட்டாள்: “எத்தனை பேரு பாத்திருக்காங்க?”

“...நாப்பத்து மூணு.”

அதில் நாற்பது இவள்தான், பரீட்சைக்காக.

“அலைவேந்தர எத்தனை பேரு பாக்கறாங்க?”

“எட்டு லட்சம்.”

“அப்புறம் என்னத்துக்குடி பேச்சு?” என்றாள் அத்தை. எட்டு லட்சம் பேர் குழியில் விழுந்தால் அதற்குப் பெயர் குழி இல்லை, பாதை. இது அத்தையின் கணக்கு மட்டும் இல்லை, உலகத்தின் கணக்கே இதுதான்.

மறுநாள் வேலைவாய்ப்பு ஒரு காரியம் செய்தாள். ஆறரை மணிக்குக் கடையில் மாமா, அத்தை, மாடி வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மூவரும் கண்ணை மூடினார்கள். வாத்தியாருக்கு முழங்கால். “நான் துணி போட்டு விடறேன்” என்று சொல்லி, துணியைப் போடும்போதே மூன்று கைப்பேசியையும் அணைத்துவிட்டாள். பக்கத்துக் கடையிலிருந்து “வாங்கிக்கோங்க” சத்தம் மட்டும் லேசாக வந்துகொண்டிருந்தது.

“ஏறுதா?”

“ஜிவ்வுங்குது” என்றாள் அத்தை.

“இன்னிக்கு ரொம்ப வேகம்” என்றார் வாத்தியார். “நேத்தைவிட ஒன்றரை மடங்கு.”

மாமா இடது கைவிரலால் துணியின் ஓரத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

பதினைந்து நிமிடம் முடிந்தது. வேலைவாய்ப்பு துணிகளை விலக்கினாள். மூன்று திரையும் கரிச்சட்டி மாதிரி இருண்டு கிடந்தன.

“ஆரம்பத்துல இருந்தே அணைச்சுதான் இருந்துச்சு” என்றாள். “இப்போ சொல்லுங்க, எது ஏறுச்சு?”

அத்தை வாயைப் பிளந்தாள். பிறகு கன்னத்தில் கை வைத்தாள். “ஃபோனே இல்லாம வருதே! எவ்ளோ சக்தி பாருங்க!”

வாத்தியார் காற்றில் விரலால் எழுதிக் கணக்குப் போட்டார். “கருவி பூஜ்யம். பலன் ஒன்றரை. எதையும் பூஜ்யத்தால வகுத்தா முடிவிலி. அவரோட சக்திக்கு எல்லையே இல்லம்மா!” முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் பகீரென்கிறது.

மாமா மட்டும் மெதுவாகச் சொன்னார்: “இது மூக்குக்கண்ணாடி தொடைக்கற துணிடி. தொட்டதும் எனக்குத் தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் மாமா?”

“வேற துணி என்கிட்ட இல்லையே.”

அவர் துணியைப் பற்றிப் பேசவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

அன்று வீட்டில் உட்கார்ந்து அந்த விளம்பர வீடியோவை முதல்முறையாக முழுதாகப் பார்த்தாள். வழுக்கைத் தலை. நீலக் கோப்பை. எங்கேயோ பார்த்த முகம். கோப்பையைத் தூக்கும்போது தோளைக் காதுவரை ஏற்றுகிற அந்தத் தோரணையை நாற்பது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அவள் குறிப்பு எழுதியிருக்கிறாள்! டீச்சர் கொடுத்த பக்கத்தில், ‘கோப்பையைப் பிடிக்கப் பழகுதல்’ என்ற வீடியோவில் இருக்கிறவர் இவர். ஆனால் அதில் அவருக்கு முடங்கியது இடது கை. இங்கே வலது கை. மறுபடி ஓட்டினாள். பின்சுவரில் ஒரு கடிகாரம். அதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அலைவேந்தர் நேரிலேயே வந்தார். நகரின் பெரிய அரங்கில் ‘நேரடி அலை’. வாசலில் தள்ளுமுள்ளு. சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், தோளில் தூக்கி வந்த குழந்தைகள். ஒருவர் ஓடாத சுவர்க்கடிகாரத்தைக் கொண்டு வந்திருந்தார். இன்னொருவர் தம் மாமியாரின் புகைப்படத்தைக் கொண்டு வந்திருந்தார். குணமாக்கவா அடக்கவா என்று தெரியவில்லை.

மேடையில் அலை வாங்கப் போகிறவர்களின் வரிசையில் முதல் பெயர் டெய்லர் மாமா. அத்தை பதிவு செய்து வைத்திருந்தாள். கைத்தாங்கலாக வேலைவாய்ப்பு கூடப் போனாள். அரங்கத்தில் திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒயர் இழுத்தது நம் எலெக்ட்ரீஷியன். அவனிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள்.

“நீங்க குடுத்த வீடியோவ மாட்டி விடறேன்கா” என்றான் அவன். “மூணு வாரம் மோட்டாருக்கு அலை குடுத்தேன். சுத்தல. நேத்து உள்ள இருக்கற செம்புக் கம்பிச்சுருள, அந்தக் காயில மாத்தினேன். சுத்துது. எனக்கு இனிமே காயில்தான்.”

பெரிய திரையில் அந்த வீடியோ ஓடியது. பளிச். உள்ளங்கை. பளிச். கோப்பை. அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. அலைவேந்தர் கும்பிட்டபடி மேடைக்கு வந்து மாமாவின் பக்கத்தில் நின்றார். சட்டைக்காலரில் சின்ன மைக்.

“ஐயா, ஒரு சந்தேகம்” என்றாள் வேலைவாய்ப்பு, அறிவிப்பாளரின் மைக்கை எட்டி வாங்கி. “அந்தப் படத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க.”

எலெக்ட்ரீஷியன் சொல்லும் முன்பே நிறுத்திவிட்டான்.

“எல்லாரும் அவருக்குப் பின்னால இருக்கற கடிகாரத்தப் பாருங்க. மூணு எந்தப் பக்கம் இருக்கு?”

அரங்கம் எட்டிப் பார்த்தது. நான்காவது வரிசையில் கணக்கு வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “மூணு... இடது பக்கம் இருக்கு. ஒன்பது வலது பக்கம். எண்ணெல்லாம் திரும்பியிருக்கு.” சற்று யோசித்தார். “அட, படத்தையே திருப்பிப் போட்டிருக்கான்!”

அலைவேந்தர் அசரவில்லை. “அன்பர்களே! அலை பாயும் இடத்தில் காலம் பின்னோக்கித் திரும்பும்!”

சத்தியமாகச் சொல்கிறேன், இதற்கும் ஐம்பது பேர் கைதட்டினார்கள்.

“சரி, திரும்பாத படத்தையும் பாத்துடலாம்” என்றாள் அவள்.

திரையில் அசல் ஓடியது. அதே வழுக்கைத் தலை. அதே நீலக் கோப்பை. கடிகாரத்தில் மூன்று அதன் இடத்தில் இருந்தது. ஓரத்தில் ‘முதல் வாரம்’ என்று எழுத்து. கோப்பை விழுந்தது. பக்கத்தில் ஒரு தெரபிஸ்ட் பெண் அதை எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தது. நான்காவது வாரம். அவர் கோபத்தில் கோப்பையைத் தள்ளிவிட்டார். யாருக்கும் புரியாத ஏதோ மொழியில் திட்டினார். திட்டு மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. ஒன்பதாவது வாரம். மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். பதினான்காவது வாரம். கோப்பை ஓர் அங்குலம் எழும்பியது, இருவரும் பைத்தியம்போல் சிரித்தார்கள். இருபத்திரண்டாவது வாரம். தூக்கினார், குடித்தார்.

அரங்கம் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பியது.

“இவர் விவசாயி இல்ல. அடுத்த ஊரும் இல்ல” என்றாள். “இருவத்திரண்டு வாரத்துல இருபது வாரத்த வெட்டிப் போட்டுட்டு, அந்த ஓட்டைல அலைவேந்தர் தன் கைய ஒட்டி வெச்சிருக்கார். குணமாக்கினது எதுவோ, அதத்தான் வெட்டியிருக்கார்.”

“போலி வீடியோ! சதி!” என்று அலைவேந்தர் கத்தி, பழக்கதோஷத்தில் வலது கையைக் கூட்டத்துக்கு நேராக உயர்த்தினார்.

அப்போதுதான் நாற்காலியில் இருந்த மாமா வாயைத் திறந்தார். நாற்பது வருடம் சட்டை தைத்தவர்.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க சட்டைல எடது கை அளவாத்தான் இருக்கு. வலது கை மட்டும் எதுக்கு ரெண்டு இஞ்சு அகலமா வெட்டிருக்கு? தெச்சவன் கண்ணு தெரியாதவனா, இல்ல உள்ள ஏதாவது இருக்கா?”

கேட்டுக்கொண்டே நல்ல கையால் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். வழவழப்பான துணி, முழங்கைவரை சரிந்துவிட்டது. மணிக்கட்டைச் சுற்றி, தோல் நிறத்தில், கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு தாங்குபட்டை. சுடுதண்ணீரில் இளக்கி, கையின் மேலேயே வைத்து வளைத்துச் செய்கிற பட்டை. வேலைவாய்ப்பு வாரத்துக்கு நான்கு செய்கிறவள்.

“இது... அலைக்கவசம்” என்றார் அலைவேந்தர்.

வேலைவாய்ப்பு அவரைச் சீண்டவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்கிற அதே குரலில், குனிந்து பட்டையைப் பார்த்தபடி கேட்டாள்: “தினமும் கையத் தூக்கி வெச்சிட்டே இருந்ததுல வந்ததா?”

“ஆமா” என்றார் அவர். வலிக்கிற மனிதனிடம் ஒருத்தி வலியைப் பற்றி அன்பாகக் கேட்டால், வாய் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

“எத்தனை வாரமா போட்டிருக்கீங்க?”

“ஆறு வாரம்.”

“கொறஞ்சிருக்கா?”

“ராத்திரி வலி விட்டுருச்சு. காலைல ஆஸ்பத்திரில சொன்ன பயிற்சிய ஒழுங்கா செஞ்சா நல்லா இருக்கு. ஒரு நாள் விட்டா மறுபடி...”

இவ்வளவும் காலர் மைக் வழியாக அரங்கத்தின் எட்டு ஒலிபெருக்கியிலும் கணீரென்று கேட்டது. அது அவருக்கு உறைத்தபோது ‘மறுபடி’ எதிரொலித்துக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது ஓடாத கடிகாரத்தைக் கொண்டு வந்தவர். பிறகு பின்வரிசை. பிறகு மொத்த அரங்கமும். “சாமி, உங்க கைக்கு உங்க அலை ஏறலையா?” என்று யாரோ கத்தினார்கள். “துணி போட்டு மூடலையோ என்னமோ!” என்றது இன்னொரு குரல். அலைவேந்தர் “நெட்வொர்க் சரியில்லை, நெட்வொர்க் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டே பின்வாசலைத் தேடினார். ஆனால் அங்கே அத்தை நின்றுகொண்டிருந்தாள், கையில் மஞ்சள் துணியோடும் முகத்தில் மூன்று வாரத்துக் கணக்கோடும். “அசைக்காதன்னியே, பாவி! அந்த மனுஷனோட கை கட்டையா போச்சே! நீ மட்டும் தினம் காலைல அசைச்சிருக்கியேடா!” போலீஸ்காரர்கள் வரும்வரை அவரை அத்தையிடமிருந்து காப்பாற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

மாமா மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். “போன மூணு வாரம் திரும்ப வராதுல்ல?” என்று கேட்டார்.

“வராது மாமா” என்றாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. “ஆனா கை இன்னும் இருக்கு. இப்பவே ஆரம்பிக்கலாம். வலிக்கும்.”

“வலிக்கட்டும்” என்று மாமா மடங்கிய கையை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் கட்டை விரலிலிருந்து தொடங்கி மெதுவாக நீட்ட ஆரம்பித்தாள். இரண்டாவது விரலுக்குப் போவதற்குள் முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம். திரும்பினாள். மேடைப் படிகளில் ஒரு வரிசை நின்றிருந்தது. முன்னால் கணக்கு வாத்தியார். அவருக்குப் பின்னால் சலவைக்கடைக்காரர். அவருக்குப் பின்னால் இருபது, முப்பது பேர்.

“அம்மா” என்றார் வாத்தியார் பயபக்தியோடு, முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி. “உனக்கு ராசியான கைம்மா. அந்தப் பெரிய ஆளையே சாய்ச்சிட்ட. இங்க லேசா தொட்டு விட்டேன்னா போதும்...”

வேலைவாய்ப்பு மாமாவின் விரலை விடாமல் அந்த வரிசையைக் கடைசிவரை பார்த்தாள்.

“சார்,” என்றாள், “உங்க முழங்காலுக்குப் பயிற்சி இருக்கு, நாளைக்கு வாங்க, சொல்லித் தரேன். ஆனா அதுக்கு முன்னாடி கழுத்துக்கு மேல ஒண்ணு ரொம்ப நாளா அசையாம கெடக்குது. கை கால் மரத்துப் போனா பக்கத்துல நின்னு நாங்க பழக்கி விடுவோம். அது மரத்துப் போனா அவங்கவங்கதான் அசைக்கணும். அசைச்சா சிந்தாது, பயப்படாதீங்க.”